டபுள் கெப்பில் கறள் பிடித்த கொம்பனி எக்ஸோஸ்டைக் கழற்றுவது

வாகனத்தோடு வந்த புகைக்குழாய்த் தொகுதியான கொம்பனி எக்ஸோஸ்டில் முதல் ஸ்பனரை வைப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும். எந்த நட் வாகனத்திலேயே நிற்கப்போகும் பாகத்தில் இருக்கிறது, எந்த நட் பழைய இரும்புக்காரரிடம் போகப்போகும் பாகத்தில் இருக்கிறது? முதல் வகையை நோகாமல் எடுக்க வேண்டும். இரண்டாம் வகையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, வெட்டி எறியலாம். எறியப்போகிற ஃபிளேஞ்சின் (குழாய்களைச் சேர்க்கும் விளிம்புத் தகடு) போல்ட்டை மரியாதையாகக் கழற்றப் பார்த்து அரை நாளைத் தொலைத்துவிட்டு, களைத்துப்போய் டர்போவில் (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) நிற்க வேண்டிய ஸ்டட்டை (தலையில்லாமல் பாகத்தில் மரையேறி நிற்கும் போல்ட்) முறிப்பதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடப்பது.

வாகனம் 2000களின் பிற்பகுதியில் வந்த ஜப்பானிய டீசல் டபுள் கெப் (பின்னால் பாரம் ஏற்றும் பெட்டி கொண்ட நான்கு கதவு வாகனம்), நான்கு சில்லும் இழுக்கும் வகை. ஹைலக்ஸ், டிமேக்ஸ், எல்200 எதுவானாலும் ஒழுங்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: டர்போவிலிருந்து இறங்கும் முன் குழாய், ஸ்பிரிங் போல்ட்டுகளால் அதோடு சேரும் நடுக் குழாய், சைலன்சர், பின் அச்சுக்கு மேலால் வளைந்து போகும் வால் குழாய். இந்த வாகனத்தில் சைலன்சரின் அடித் தையல் ஓரமாக ஓட்டை. வால் குழாய் அச்சுக்கு மேலே விரலால் அழுத்தினால் உடையும் நிலை. முன்பக்கத் தகடு கெட்டி, ஆனால் நட்டுகள் எல்லாம் உருண்டு, கறள் பூத்துக் கிடந்தன.

கொழும்பில் இது பழகிய கோலம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதிக்குக் கடல் பக்க ஒழுங்கைகளில் இரவு நிற்கும் வாகனத்தை உப்புக் காற்று வெளியிலிருந்து தின்னும். காலையில் பாடசாலை, மாலையில் சந்தை என்று இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே ஓடினால் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. டீசல் எரியும்போது உண்டாகும் நீராவி பெட்டிக்குள் தண்ணீராகத் தங்கி உள்ளிருந்து தின்னும். இப்படிப் பின்பக்கம் உக்கிப்போகும், முன்பக்கம் சூட்டில் இறுகிப்போகும். ஆகவே பின்பக்கத்துக்கு வெட்டு, முன்பக்கத்துக்குச் சூடு.

அளவு முதலில்

வெட்டிய பிறகு அளவு எடுக்க முடியாது. பழைய எக்ஸோஸ்ட் தொங்கும்போதே முன் ஃபிளேஞ்ச் முகத்திலிருந்து ஒவ்வொரு தொங்கு கம்பி வரைக்கும், சைலன்சரின் முன் விளிம்பு, பின் விளிம்பு, வால் குழாயின் நுனி வரைக்கும் நாடா பிடித்து எழுதிக்கொள்ள வேண்டும். சேஸியில் தொங்கு கம்பிகளுக்கு நேரே சோக்குக் கோடு போட்டால் இன்னும் நல்லது. குழாயின் வெளி விட்டத்தைக் கலிப்பரால் மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். கறள் செதிலோடு எடுத்தால் ஒரு மில்லிமீட்டர் கூடக் காட்டும், எனவே வயர் பிரஷ் போட்ட பின்பே அளவு. 51, 57, 63.5 மி.மீ. ஆகியவை கடைகளில் 2, 2¼, 2½ அங்குலம் என்று கேட்டால் கிடைப்பவை. இடைப்பட்ட அளவு வந்தால் புதுக் குழாயை விரிக்கச் சொல்ல வேண்டிவரும்.

அச்சுக்கு மேலான வளைவுக்கு நாடா உதவாது. 6 மி.மீ. கம்பியை அந்த வளைவோடு ஒட்டி வளைத்து எடுத்து, எது மேல் பக்கம், எது முன் பக்கம் என்று அதில் பெயின்ட் அடையாளம் போட்டு வைத்தால் குழாய் வளைப்பவருக்கு அதுவே போதும். அதோடு குழாய்க்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், டீசல் தாங்கி, பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் ஆகியவற்றுக்கும் இடையிலான வெளியையும் குறிக்க வேண்டும். புதியதில் எந்த இடத்திலும் 25 மி.மீ.க்குக் குறைய விடக்கூடாது. பட்டை ஸ்பிரிங் அமுங்கும்போது அச்சு மேலே வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெறும் பெட்டியோடு நிற்கும் வாகனத்தில் தாராளமாகத் தெரியும் வெளி, இருபது சீமெந்து மூட்டை ஏற்றினால் இருக்காது.

அடுத்தது சாமான். காஸ்கெட், நட், போல்ட், தொங்கு றப்பர் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் வாகனத்தைத் தூக்க வேண்டும். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) பெரும்பாலான கடைகள் பூட்டு. சனி பின்னேரம் முன் குழாயைக் கழற்றிவிட்டு காஸ்கெட் இல்லை என்றால் திங்கள் வரை வாகனம் கட்டையில்தான். பழைய சோனகத் தெருவில் போல்ட், நட் எண்ணி வாங்கலாம். கேட்கும்போது மரை நெருக்கத்தையும் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையிலான மி.மீ. தூரம்) சொல்ல வேண்டும். ஜப்பானிய வாகன எக்ஸோஸ்டில் அதிகம் வருவது எம்10, 1.25 நெருக்கம், 14 மி.மீ. தலை. ஹார்ட்வெயாரில் சாதாரணமாக நீட்டுவது 1.5 நெருக்கம், 17 மி.மீ. தலை. கையால் இரண்டு சுற்றுப் போய் இறுகினால் அது கறள் அல்ல, தவறான மரை. ஸ்பனர் போட்டால் ஸ்டட்டின் மரையும் போய்விடும்.

கருவிகள்

ஆறு மூலை சொக்கட் கட்டாயம். பன்னிரண்டு மூலைச் சொக்கட்டை இந்த வேலைக்கு வெளியே எடுக்கவே வேண்டாம், கறள் தின்ற நட்டை அது உருட்டிவிடும். 14 மி.மீ. நட் கறளில் மெலிந்திருந்தால் 13 மி.மீ. சொக்கட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றலாம். அதுவும் தளர்ந்தால் அரை அங்குலச் சொக்கட், அது 12.7 மி.மீ. வரும். 12 மி.மீ. நட்டுக்கு 11 அல்லது 7/16 அங்குலம். இதற்காகப் பழைய அங்குலச் சொக்கட்டுகள் சிலவற்றைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் போட்டு வைப்பது வீண்செலவு ஆகாது.

அரை அங்குல டிரைவில் 600 மி.மீ. நீளக் கம்பி, 300 மி.மீ. எக்ஸ்டென்ஷன் இரண்டு, ஒரு மூட்டு. நாலு அங்குல கிரைண்டர், 1 மி.மீ. தடிப்பு வெட்டுத் தகடு ஐந்தாறு. தகடு விலை குறைந்ததுதான், அதில் கஞ்சத்தனம் பார்த்துத் தேய்ந்த தகட்டோடு இழுபட வேண்டாம். தடித்த 3 மி.மீ. தகடு இங்கே ஆகாது: வெட்டு மெதுவாகும், பொறி கூடும். கிரைண்டர் புகாத இடத்துக்கு ஹெக்சோ பிளேட், அங்குலத்துக்கு 24 பல். நட் உடைப்பான், தட்டை உளி, ஒரு கிலோ சுத்தியல், வயர் பிரஷ். இரண்டு மெழுகுதிரி.

ஜாக் ஸ்டாண்ட் இரண்டு சோடி. சீமெந்து புளொக் கல்லை அடியில் வைத்துவிட்டு வாகனத்தின் கீழே போகும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. உள்ளீடற்ற புளொக் ஒரு மூலையில் பாரம் குவிந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். கீழே படுத்துக்கொண்டு அறுநூறு மில்லிமீட்டர்க் கம்பியைப் பிடித்து ஆட்டப்போகிற வேலை இது. வாகனம் அசையும். புளொக் கல் அதற்கு ஆகாது.

ஊற வைப்பது

இறுகிய நட்டுக்குள் இறங்கும் ஒயில் வேலைக்கு முதல் நாளே போட வேண்டும். வாகனம் ஓடி வந்து நின்று குழாய் வெதுவெதுப்பாக, கை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அடித்தால் நன்றாக உள்ளே இழுக்கும். கொதிக்கும் குழாயில் அடித்தால் புகைந்து போய்விடும், தீப்பிடிக்கவும் கூடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் இந்த வேலைக்கென்றே வரும் ஊடுருவும் ஒயில்கள் அதைவிட மேல். அசற்றோனும் கியர் ஒயிலும் (ஓட்டோ கியருக்குப் போடும் சிவப்பு ஒயில்) சம பங்காகக் கலந்தும் பாவிப்பார்கள். அது ஒன்றோடொன்று சேர்ந்து நிற்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். தீ பற்றுவதில் பெற்றோலுக்குக் குறைந்ததல்ல.

ஸ்பிரிங் போல்ட்டில் தலைப் பக்கம் அடிப்பது வீண். மரை இருப்பது எதிர்ப் பக்க ஃபிளேஞ்சில் ஒட்டவைத்த நட்டில். பின்பக்கமாகக் குழலை நீட்டி, போல்ட்டின் நுனி தெரியும் இடத்தில் அடிக்க வேண்டும். அதற்கு முன் அந்த நுனியை வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்க்க வேண்டும். வெளியே நீட்டி நிற்கும் கறள் மரை, போல்ட் கழன்று வரும் வழியையே அடைத்துக்கொண்டிருக்கும். பாதிப் போல்ட்டுகள் முறிவது அந்த மூன்று நாலு மரையில்தான்.

தூக்குவது

சமதளமான கொங்கிரீட் தரை வேண்டும். முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. பின்பக்கம் தூக்கியதும் ஹேண்ட்பிரேக் உதவாது, அது பிடிப்பது பின் சில்லுகளை. ஸ்டாண்டை அச்சுக்குக் கீழே வைக்காமல், பட்டை ஸ்பிரிங்கின் முன் கொளுவிக்குச் சற்று முன்னால் சேஸியில் வைக்க வேண்டும். அப்போது அச்சு கீழே தொங்கி, வால் குழாய் வெளியே வர இடம் கிடைக்கும். ஷொக் அப்சோபரைக் கழற்றக்கூடாது. அச்சு எவ்வளவு இறங்கலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. கழற்றினால் பிரேக் ஹோஸ் இழுபடும்.

உதிரிச் சில்லை இறக்கி, சேஸியின் கீழே பக்கவாட்டில் படுக்கப் போட்டால் இடமும் கிடைக்கும், ஸ்டாண்ட் சறுக்கினால் ஒரு தடுப்பாகவும் நிற்கும். பற்றரியின் நெகட்டிவ் கழற்றியாயிற்று. பின்னால் வெல்டிங் வரும் என்றால் இது கட்டாயம்.

பின்பக்கம்: யோசிக்காமல் வெட்டு

சைலன்சருக்கும் வால் குழாய்க்கும் இடையிலான ஃபிளேஞ்சில் இரண்டு போல்ட். ஒன்று தலையே இல்லாமல் கறள் குமிழாக இருந்தது. இரண்டையும் கிரைண்டரால் வெட்டியதுதான், ஸ்பனர் தொடவே இல்லை. ஃபிளேஞ்சுகளுக்கிடையில் தகடு நுழையும் வெளி இருந்தால் போல்ட்டின் நடுவே குறுக்கே வெட்டலாம். இல்லையென்றால் நட்டின் எதிரெதிர் முகங்களில் போல்ட்டுக்கு இணையாக இரண்டு வெட்டு, பிறகு உளியால் ஒரு தட்டு.

பொறி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதைத் தகடு சுற்றத் தொடங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். டீசல் தாங்கி, றப்பர் ஹோஸ், வயர் கட்டு இருக்கும் பக்கத்துக்கு நனைத்த சணல் சாக்கு இரண்டு மடிப்பாக. டீசல் பெற்றோலைப் போலச் சட்டென்று பற்றாது என்ற தைரியம் வேண்டாம். அடியில் பூசியிருக்கும் தாரும் ஊறிய ஒயிலும் போதும். பக்கத்தில் வாளித் தண்ணீர், வெட்டி முடிந்து கால் மணித்தியாலம் கழித்து ஒரு தடவை குனிந்து பார்ப்பது. ஒழுங்கைக்குள் வீடுகள் ஒட்டி இருப்பதால் வெட்டு வேலை எல்லாவற்றையும் சேர்த்து முற்பகலில் முடிப்பது அயலாருக்கும் நல்லது.

தொங்கு றப்பருக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். கம்பியின் நுனி காளான் தலைபோல் தடித்திருக்கும். பழைய றப்பர் எறியத்தான் போகிறது, கத்தியால் அறுத்தால் ஒரு நிமிடம். சேஸியோடு இருக்கும் கம்பியை மட்டும் வளைத்துவிடக்கூடாது. அது வளைந்தால் புது எக்ஸோஸ்ட் முழுவதும் ஒரு பக்கம் சாயும், காரணம் கண்டுபிடிக்க அரை நாள் போகும்.

வால் குழாயைப் பின்பக்கம் இழுத்து, அச்சுக்கு மேலே கால் சுற்றுத் திருப்பினால் வரும். இதில் உக்கிய இடத்தில் தானே இரண்டாக உடைந்து வந்தது. கெட்டியாக இருந்து வர மறுத்தால் அச்சுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி வெட்டிவிடலாம். புதுக் குழாயில் செருகு மூட்டு எங்கே வரப்போகிறதோ அந்த இடத்தில் வெட்டுவது புத்தி.

ஒன்றுக்குள் ஒன்று செருகிய மூட்டில், உள் குழாய் வாகனத்தில் நிற்க வேண்டியதாக இருந்தால், வெளிக் குழாயில் மட்டும் நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு வெட்டுப் போட வேண்டும். குழாய்ச் சுவரின் தடிப்பு 1.5 மி.மீ. அளவுதான். பொறியின் நிறம் மாறாமல் சத்தம் மட்டும் மாறும் கணத்தில் நிறுத்தினால் உள் குழாய் தப்பும். பிறகு உளியை வெட்டில் வைத்துத் திருகினால் வெளிக் குழாய் இதழ்போல் விரியும்.

நடுப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. ஸ்பிரிங் போல்ட் ஒன்று கழன்றது, மற்றது முறிந்தது. இரண்டு ஃபிளேஞ்சும் எறியப்போவதால் எப்படிப் போனாலும் ஒன்றுதான். முன் குழாயை வைத்துக்கொள்பவர்கள் முறிந்த போல்ட்டை 10.5 மி.மீ. பிட்டால் துளைத்துவிட்டு, பின்னால் நட் போட்டு ஊடுபோல்ட் போடலாம். இடையிலுள்ள கிரஃபைட் வளையத்தைத் திரும்பப் பாவிக்கக்கூடாது, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சரி.

புது வாகனங்களில் கரும்புகை வடிகட்டியோடு சேர்ந்த அழுத்தக் குழாய்களும் வெப்பநிலை சென்சர்களும் முன் பகுதியில் இருக்கும். வெட்டுவதற்கு முன் அவற்றின் வயரை இணைப்பில் கழற்றிக் கட்டி வைக்க வேண்டும். தொங்கவிட்டால் குழாயின் பாரம் வயரில் விழும்.

டர்போப் பக்கம்: இங்கேதான் நாள் போகும்

பின்பகுதி முழுவதும் போன பிறகே முன் குழாயைத் தொட வேண்டும். அப்போதுதான் குழாய் தன்பாட்டில் ஆடும், ஸ்டட்டில் பக்கவாட்டுப் பாரம் இருக்காது. ஸ்டட்டுகள் டர்போ முழங்கையின் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் வளைவுப் பாகம்) வார்ப்பிரும்பில் மரையேறியவை. இவைதான் இந்த வேலையில் காப்பாற்ற வேண்டிய பொருள்.

முதலில் வெறும் கைப்பலம். கழற்றும் பக்கம் போவதற்கு முன் இறுக்கும் பக்கம் மெல்லிய ஒரு அசைவு, பிறகு கழற்றும் பக்கம். அசைந்தால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, நடுவில் ஒயில். கீச்சிடும் சத்தம் வந்தால் மரையில் கறள் தூள் சேர்கிறது, உடனே பின்னால் திருப்ப வேண்டும். கம்பி இறுகிய இரும்பாக இல்லாமல் ஸ்பிரிங் போல மெத்தென்று வளைந்து கொடுத்தால் நட் கழலவில்லை, ஸ்டட் முறுகுகிறது. அந்த உணர்வை அறியாதவர்தான் ஸ்டட்டை முறிப்பார். அங்கேயே நிறுத்திவிட்டுச் சூட்டுக்குப் போக வேண்டும்.

சூடு என்றால் கையில் பிடிக்கும் பியூட்டேன் டோர்ச் இங்கே ஆகாது. தடித்த ஃபிளேஞ்ச் வெப்பம் முழுவதையும் இழுத்துக்கொள்ளும், நட் சிவக்கவே சிவக்காது. ஒக்ஸி அசற்றிலீன் உள்ள வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவர வேண்டும், அல்லது காந்தச் சுருளால் சூடாக்கும் கருவி வேண்டும். ஊற வைத்த ஒயிலை நன்றாகத் துடைத்த பிறகே தீ. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் தீ வைக்கக்கூடாது, அந்த ஆவி சூட்டில் நச்சு வாயுவாக மாறும். போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டே பாவிக்க வேண்டும்.

நட்டைச் சூடாக்க வேண்டும், ஸ்டட்டை அல்ல. தீயின் நுனி நட்டின் பக்கங்களில் மட்டும் சுற்றி வர, மங்கிய சிவப்பு வரும்வரை. பிறகு சிவப்பு மறையும்வரை பொறுத்து மெழுகுதிரியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். புகையும், சிலவேளை சிறு சுவாலையும் வரும், ஊதி அணைக்கலாம். உடனே சொக்கட், முன்பின் அசைவு. சிவந்து நிற்கும்போதே பலம் போட்டால் இளகிய இரும்பு நட்டின் மூலையோடு உருளும். இந்த முறையில் ஒரு நட்டைத் தவிர மற்றவை எல்லாம் கழன்றன. ஒன்று ஸ்டட்டையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அது நல்லதே, வார்ப்பிரும்பின் மரை கெடாமல் இருந்தால் புது ஸ்டட் போடலாம்.

எஞ்சியது முகத்துக்குச் சற்று மேலே, நான்கு மில்லிமீட்டர் வெளியே நிற்க முறிந்தது. இந்த நிலையில் பலர் கையிலெடுப்பது ஈஸி அவுட் (முறிந்த ஸ்டட்டில் துளையிட்டு, உள்ளே திருகி வெளியே எடுக்கும் கருவி). இறுகிய எக்ஸோஸ்ட் ஸ்டட்டுக்கு அதை நம்பக்கூடாது. அது கெட்டியான, நொறுங்கும் உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரண பிட் எதுவும் அதைத் துளைக்காது, முழங்கையையே மாற்ற வேண்டிவரும். நல்ல வழி நட்டை வெல்ட் பண்ணுவது. முறிந்த ஸ்டட்டின் மேல் முதலில் ஒரு வொஷர், வொஷரின் துளைக்குள்ளால் ஸ்டட்டோடு வெல்ட், அதன் மேல் ஒரு அளவு பெரிய நட், நட்டின் உள்ளே நிரப்பி மறுபடி வெல்ட். அந்தச் சூடே ஸ்டட்டை இளக்கும். எர்த் கிளாம்பை டர்போ முழங்கையிலேயே போட வேண்டும். தூரத்தில் போட்டால் கரன்ட் டர்போவின் பெயாரிங் வழியாகப் போகலாம். வெல்ட் கறுத்து ஆறியதும் சிறு சிறு முன்பின் அசைவு. வெல்ட் விட்டுப்போனால் அரைத்துவிட்டு மறுபடி வெல்ட். பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் வரும், இதிலும் வந்தது.

வரவே வராவிட்டால் துளைப்புதான். முகத்தைத் தட்டையாக அரைத்து, சரியான நடுவில் பஞ்ச் அடித்து, 3, 5, 6.8, 8 என்று ஏறி, கடைசியில் 8.8 மி.மீ.; பிறகு எம்10, 1.25 டெப் (மரை வெட்டும் கருவி). கோபால்ட் பிட், மெதுவான வேகம், விடாத அழுத்தம். வேகமாகச் சுற்றி அழுத்தாமல் விட்டால் பிட் தேய்க்கும், தேய்த்த இடம் இறுகிப்போகும். நடு தவறி மரை சிதைந்தால் ஹெலிகொயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போடலாம்.

வெல்டோ துளைப்போ எதுவானாலும் முதலில் டர்போவின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். துணியில் ஒரு நீள நூல் கட்டி வெளியே தொங்கவிட வேண்டும். ஒரு இரும்புத் துருவல் உள்ளே விழுந்தாலும் டர்பைன் சில்லின் இதழ் போய்விடும். துணியை மறந்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியவர்களும் உண்டு, நூல் அதற்குத்தான்.

திரும்பப் பூட்டுவது

ஸ்டட் துளைகளில் டெப் விட்டு, காற்றடித்து, புது ஸ்டட்டுகள். ஸ்டட்டிலும் நட்டிலும் செம்பு அல்லது நிக்கல் கலந்த இறுகாத பசை மெல்லிய பூச்சு. நட்டுக்குப் பித்தளை அல்லது செம்புப் பூச்சுள்ளவை நல்லது. ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டுக்கு ஸ்டெயின்லெஸ் நட் போடுவது பார்ப்பதற்கு அழகு, ஆனால் அவை ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும், அடுத்த தடவை கறள் இல்லாமலே முறியும். டர்போ ஃபிளேஞ்சில் உலோக அடுக்குக் காஸ்கெட் மட்டும். சிவப்பு சிலிக்கோனை அங்கே தடவுவது கராஜ்களில் காணும் பழக்கம். அந்தச் சூட்டை அது தாங்காது, பொரிந்து கழன்றுவிடும். எக்ஸோஸ்ட் பசை செருகு மூட்டுகளுக்கு மட்டும்.

எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, றப்பர்கள் நேரே நிற்கின்றனவா என்று பார்த்த பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிளேஞ்சையும் அங்கேயே இறுக்கிக்கொண்டு போனால் கடைசி மூட்டு இரண்டு விரல் விலகி நிற்கும், அதை இழுத்துப் பூட்டினால் அந்த இழுவை டர்போ ஸ்டட்டில் போய் உட்காரும். 8.8 பலத் தர எம்10 போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் அளவு போதும். டர்போ நட்டுக்கு அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவுதான். பசை பூசிய மரையில் அதே அளவு கூடுதலாக இறுக்கும், கொஞ்சம் குறைத்தே நிறுத்த வேண்டும்.

ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் குளிராக இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி, ஒருவர் வால் குழாயை ஈரத் துணியால் பாதி மூட, மற்றவர் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளிக்க வேண்டும். சூடான பின் இந்தச் சோதனை சரிவராது. ஒரு கிழமை ஓடிய பிறகு மூட்டோரங்களில் கரும்புகைக் கோடு தெரிந்தால் அங்கே ஒழுகுகிறது.

பழைய முன் குழாயில் வீங்கிய பெட்டிபோல் கட்டலைசர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) இருந்தால் அதை எறியக்கூடாது. உள்ளே இருக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்காகப் பழைய இரும்புக்காரர்கள் தாமாகவே விலை கேட்பார்கள். 'அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுவோம், இழுவை கூடும்' என்ற யோசனையும் கராஜில் வரும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாகனத்தின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது, சத்தம் கூடிய சைலன்சருக்குப் பொலிஸ் வேறு பிடிக்கும். இழுவை கூடினாலும் அது வேலைக்கு ஓடும் கெப்புக்குத் தேவையானது அல்ல.

செலவு, அடுத்த முறை

பணத்தில் பாதிக்கு மேல் சைலன்சருக்கும் வளைத்த வால் குழாய்க்கும் போனது. அடுத்த பெரிய செலவு வெல்டிங்காரரின் வரவு. காஸ்கெட்டும் கிரஃபைட் வளையமும் கொம்பனிச் சாமானாகவே எடுக்கப்பட்டன. றப்பர்களுக்கு மட்டும் வேறு தயாரிப்பு. வெட்டுத் தகடு, நட், போல்ட், ஒயில், மெழுகுதிரி எல்லாம் சேர்த்தாலும் மொத்தத்தில் சிறு பங்குதான். குழாய்க்குத் தகட்டின் தடிப்பைக் கலிப்பரால் பார்த்தே வாங்க வேண்டும். விலை குறைவு என்று 1.2 மி.மீ. தகட்டில் செய்ததை எடுத்தால் கடற்கரைப் பக்கம் அது நிற்கும் காலம் குறைவு. நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வளைத்துத் தருபவர்களும் உண்டு. அதை வெல்ட் பண்ணும்போது வரும் வெள்ளைப் புகை மூச்சுக்குக் கேடு, வெல்ட்டும் பஞ்சாகவே பிடிக்கும்.

அடுத்த முறை மாற்றுவதற்கு இரண்டு விஷயம் இருக்கிறது. டர்போ நட்டுகளுக்கு ஒயிலை நம்பிக் காத்திருக்காமல் நேரே சூட்டோடு தொடங்குவது. முறிந்த ஸ்டட்டும் ஒருவேளை தப்பியிருக்கும். வெல்டிங்காரரை அழைப்பதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் கழற்றி, நட்டுகளைத் துடைத்து, வாயை அடைத்து ஆயத்தமாக வைத்தால் அவருக்கு ஒரு மணித்தியால வேலைதான். அவர் நின்று பார்க்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி. மற்றது, சைலன்சருக்கும் வால் குழாய்க்கும் இடையில் ஃபிளேஞ்சுக்குப் பதிலாக அகலப் பட்டைக் கிளாம்ப் போட்ட செருகு மூட்டு. அந்த இடத்தில் போல்ட் இல்லாவிட்டால் அடுத்த தடவை வெட்டவும் வேண்டாம்.

முதல் இருநூறு கிலோமீட்டருக்குப் பிறகு குளிர்ந்த எஞ்சினில் எல்லா நட்டையும் ஒரு தடவை ஸ்பனர் போட்டுப் பார்த்தபோது ஸ்பிரிங் போல்ட் ஒன்று கால் சுற்று எடுத்தது, மற்றவை அசையவில்லை.